கரிசல் மண்ணில் ஒரு புறநகர்: டெக்சாஸ் வானிலைக்கு விலை கொடுப்பது யார்?

ஏப்ரல் மாத மாலை, ஐந்தரை மணி. டல்லாஸுக்கு வடக்கே பிளானோவில் ஒரு பெட்ரோல் பங்க். கூரைக்கு அடியில் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பெட்ரோல் போட ஒருவரும் வரவில்லை. மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண், கால்பந்துப் பயிற்சிக்குக் கிளம்பிய இரண்டு பிள்ளைகளோடு ஒரு தகப்பன், சூடு ஆறாத பீட்சா பெட்டிகளோடு ஒரு டெலிவரி இளைஞர். எல்லார் கையிலும் செல்போன், எல்லாத் திரையிலும் ஒரே ரேடார் படம். மேற்கே சிவப்பும் ஊதாவுமாக ஒரு பட்டை நகர்ந்து வருகிறது. மேற்கு வானமோ பாசி படிந்த குளத்தின் பச்சையில் இருக்கிறது. கூரைக்குள் இடம் கிடைக்காத ஒருவர் வீட்டிலிருந்து அள்ளி வந்த மெத்தை விரிப்பைக் கார் கண்ணாடி மேல் போட்டு, டேப் வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

முதல் கல் சாலையில் விழுந்து இடுப்புயரம் துள்ளுகிறது. அடுத்த நிமிடம் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்து, வெயில் அடிக்கிறது. புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிறது. மறுநாள் காலை எட்டு மணிக்குள் கூரை ஒப்பந்தக்காரர் ஒருவர் அழைப்பு மணியை அழுத்துவார்.

வட டெக்சாஸ் புறநகர்களில் வசந்த காலம் இப்படித்தான் வரும். இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. இவ்வளவு வீடுகள்தான் புதிது. பிரிஸ்கோ நகரத்தில் 2000-ல் இருந்தவர்கள் 33,714 பேர். 2020 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேல். பக்கத்து மெக்கின்னியும் அதே இருபது ஆண்டுகளில் 54,000 சொச்சத்திலிருந்து ஒரு லட்சத்து 95,000-ஐத் தாண்டியது. வந்தவர்களில் சென்னை, கோவை, மதுரைக்காரர்கள் ஏராளம். நல்ல பள்ளி, பெரிய வீடு, மாநில வருமான வரி கிடையாது என்று கணக்குப் போட்டு வந்தவர்கள். வானிலை அந்தக் கணக்கில் அநேகமாக இல்லை. இப்போது அது மாதாமாதம் கணக்கில் ஏறுகிறது. மழையையும் குளிரையும் யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அவற்றின் செலவு முழுவதும் ஒவ்வொரு வீட்டுக்காரர் தலையில் தனித்தனியாக விழுவது மனிதர்கள் எடுத்த முடிவு. இந்தக் கட்டுரை அந்த முடிவைப் பற்றியது.

மூன்று காற்றின் சந்தி

மேற்கே ராக்கி மலை. தெற்கே மெக்சிகோ வளைகுடா. வடக்கே கனடா வரை குறுக்கே ஒரு மலை இல்லாத சமவெளி. வளைகுடாவின் ஈரக்காற்றும், மேற்குப் பாலையின் வறண்ட காற்றும், ஆர்க்டிக்கின் குளிர்காற்றும் மோதிக்கொள்ளும் இடம் டெக்சாஸ். வட துருவத்துக்கும் தங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு முள்கம்பி வேலிதான் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். 'ப்ளூ நார்தர்' என்று அவர்கள் அழைக்கும் வாடை இறங்கினால், மதியம் அரைக்கை சட்டையில் நின்றவருக்குச் சாயங்காலம் கம்பளிக் கோட்டு வேண்டியிருக்கும். இங்கே பிள்ளை வளர்க்கும் எந்தத் தாயின் காரிலும் வருடம் முழுக்க ஒரு ஸ்வெட்டரும் ஒரு குடையும் கிடக்கும்.

*பெட்டிச் செய்தி: உச்சமும் பாதாளமும்*
*• டல்லாஸ்–போர்ட்வொர்த் இதுவரை கண்ட அதிகபட்ச வெப்பம்: 113 டிகிரி பாரன்ஹீட் (45 செல்சியஸ்), 1980 ஜூன் 26, 27.*
*• 2021 பிப்ரவரி 16 காலை அதே ஊரில்: மைனஸ் 2 பாரன்ஹீட் (மைனஸ் 19 செல்சியஸ்). எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத குளிர்.*
*• 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்ட நாட்கள்: 1980-ல் 69, 2011-ல் 71, 2023-ல் 55.*
*• 2021 ஏப்ரல் 28, சான் அன்டோனியோவுக்கு மேற்கே ஹோண்டோவில் விழுந்த ஆலங்கட்டியின் விட்டம்: 6.4 அங்குலம்.*

கூரையில் தொடங்கும் கணக்கு

டெக்சாஸ் வீட்டுக் கூரைகளில் பெரும்பாலானவை ஆஸ்பால்ட் ஷிங்கிள். மரப்பலகை மேல் தார்த் தகடுகளை அடுக்கி ஆணியடித்திருப்பார்கள். கோல்ப் பந்து அளவுக் கல் ஒரு தடவை விழுந்தாலே தகட்டின் மேலிருக்கும் மணித்துகள் உதிர்ந்து, கறுப்பு வட்டங்கள் தெரியும். உடனே ஒழுகாது. ஆனால் கூரையின் ஆயுள் குறைந்துவிடும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனி டிடக்டிபிள் உண்டு. அதாவது, வீட்டுக்காரர் முதலில் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. டெக்சாஸில் அது பெரும்பாலும் நிலையான தொகையாக இருக்காது. வீட்டுக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், இப்போது பலருக்கு 2 சதவீதம். ஐந்து லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 10,000 டாலர். கூரை மாற்றும் செலவில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். டிடக்டிபிளைத் தாங்களே தள்ளுபடி செய்துவிடுவதாக வாசலில் நின்று ஆசை காட்டும் ஒப்பந்தக்காரர்கள் முன்பு ஏராளம். 2019 செப்டம்பர் முதல் அது சட்டப்படி குற்றம். வீட்டுக்காரர் பணம் கட்டியதற்கான ஆதாரத்தைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம். மோசடியைத் தடுக்க நல்ல சட்டம்தான். ஆனால் சேமிப்பில் பத்தாயிரம் டாலர் இல்லாத குடும்பம் கல்லடிபட்ட கூரையோடு இன்னொரு மழைக்காலத்தைப் பார்க்கிறது.

இந்தச் சுமை வெளியே தெரியாமல் வந்து சேரும் வழி ஒன்று உண்டு. வீட்டுக் கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் சொத்து வரியையும் காப்பீட்டையும் மாதத் தவணையோடு சேர்த்து எஸ்க்ரோ கணக்கில் கட்டுகிறார்கள். வட்டி விகிதத்தைப் பூட்டிவிட்டோம், முப்பது வருடத்துக்குத் தவணை மாறாது என்று நிம்மதியாக இருப்பவருக்கு வருடத்தில் ஒரு நாள் கடிதம் வரும்: காப்பீட்டு பிரீமியம் ஏறிவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து தவணை இவ்வளவு. அவர் வீட்டில் ஒரு கல்கூட விழாமல் இருந்திருக்கலாம். பக்கத்து ஊரில் விழுந்ததே போதும். 1995 மே 5 அன்று போர்ட்வொர்த்தில் மேபெஸ்ட் திருவிழாக் கூட்டத்தின் மேல் விழுந்த ஆலங்கட்டியோடு வந்த புயல் சுமார் 200 கோடி டாலர் சேதத்தை விட்டுப் போனது. 2016 ஏப்ரலில் வைலி என்ற புறநகரில் பெரும்பாலான வீடுகள் அடிவாங்கின. பள்ளிகளையே மூட வேண்டியிருந்தது. அன்றைக்கு வயலாக இருந்த எத்தனையோ இடங்கள் இன்று வீட்டுமனை. அதே மேகம் இன்று வந்தால் கல் விழுவதற்குக் கூரைகள் கூடுதல்.

வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் ஊர்

ஆகஸ்ட் மாதம் பிரிஸ்கோ, ஆலன் பக்கம் புதிதாக வருபவர்கள் ஒரு காட்சியைப் பார்த்துத் திகைப்பார்கள். வீட்டுச் சுவரைச் சுற்றி, ஓரடி ஒன்றரையடி தள்ளி, கறுப்பு ரப்பர் குழாய் ஓடும். உடலெல்லாம் நுண்துளைகள். செடி ஒன்றும் இருக்காது. தண்ணீர் அஸ்திவாரத்துக்குப் போகிறது.

காரணத்தைக் கோவில்பட்டி, விளாத்திகுளம்காரர்களிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். இது கரிசல். டல்லாஸ் தொடங்கி ஆஸ்டின் வழியாக சான் அன்டோனியோ பக்கம் வரை நீளும் 'பிளாக்லேண்ட் பிரெய்ரி' என்ற கறுப்பு மண் பட்டையும் நம் தென்மாவட்டக் கரிசலும் மண்ணியல் வகைப்பாட்டில் ஒரே குடும்பம். இரண்டிலும் பருத்தி விளைந்தது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். டெக்சாஸ் புறநகர் வீடு இந்த மண்ணின் மேல் ஒரே கான்கிரீட் தட்டாக உட்கார்ந்திருக்கிறது. மழை இல்லாத கோடையில் ஓரத்து மண் சுருங்கிக் கீழே இறங்கும், நடுப்பகுதி இறங்காது. வாசல் நிலையின் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடும். படுக்கையறைக் கதவு ஆகஸ்டில் தாழ் விழாது. குளிர்கால மழைக்குப் பிறகு தானாக விழும். கதவை இழைக்க ஆள் கூப்பிடாதீர்கள், முதலில் அஸ்திவாரத்தைப் பாருங்கள் என்பது இங்கே பழைய குடியிருப்பாளர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

சாதாரண வீட்டுக் காப்பீடு மண் நகர்வதால் வரும் சேதத்தை ஏற்பதில்லை. அடியில் தூண் இறக்கி நிமிர்த்துவதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். ஆகவே வறட்சியில் எல்லா வீடும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. வறட்சியில்தான் தண்ணீரும் இல்லை. 2011-ல் தொடங்கிய வறட்சியின்போது வட டெக்சாஸ் புறநகர்களில் புல்லுக்குத் தண்ணீர் விடும் நாட்களைக் கடுமையாகக் குறைத்தார்கள். இந்த ஊர்களுக்கு நீர் வழங்கும் வாரியம் பானின் கவுண்டியில் புதிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டி 2023-ல்தான் தண்ணீர் எடுக்கத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளில் மாநிலத்தில் கட்டப்பட்ட முதல் பெரிய நீர்த்தேக்கம் அது. அந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நான்கு நிமிடம் முப்பத்தேழு விநாடி

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை, பின்னிரவு. டெக்சாஸ் முழுக்கப் பனி. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு ஒரு மின்தொகுப்பு, மேற்குக்கு ஒன்று. டெக்சாஸுக்கு மட்டும் தனி. மத்திய அரசின் மின்சாரக் கட்டுப்பாடு தங்கள் மேல் வராதிருக்க மாநில எல்லைக்குள்ளேயே கம்பியை நிறுத்திக்கொண்டவர்கள் அவர்கள். எர்காட் என்ற அமைப்பு அதை நிர்வகிக்கிறது. மாநில மின்தேவையில் 90 சதவீதம் அதன் கையில். வெளியிலிருந்து அவசரத்துக்கு வாங்கக்கூடிய மின்சாரம் மிகக் குறைவு.

அன்றிரவு எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. எரிவாயு நிலையங்கள், நிலக்கரி நிலையங்கள், காற்றாலைகள், ஓர் அணு உலை என்று வரிசையாகத் தடங்கல். தொகுப்பின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். அது 59.4-க்குக் கீழே ஒன்பது நிமிடம் இருந்தால் மின்நிலையங்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே அணைந்துவிடும். நான்கு நிமிடம் 23 விநாடி கீழே கிடந்தது. மீதியிருந்தது நான்கு நிமிடம் 37 விநாடி. அதற்குள் ஊர் ஊராக மின்சாரத்தைத் துண்டித்துத் தொகுப்பைக் காப்பாற்றினார்கள். மொத்தமும் விழுந்திருந்தால் மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும் என்று எர்காட்டே பின்னர் சொன்னது.

தொகுப்பு பிழைத்தது. வீடுகள் பிழைத்தனவா? சுழற்சி முறையில் மின்வெட்டு என்றார்கள், சுழற்சி நடக்கவில்லை. மருத்துவமனை இருக்கும் மின்தடத்தில் மாட்டிய தெருவில் விளக்கு எரிந்தது. அடுத்த தெருவில் மூன்று நாள் இருட்டு. தமிழ்நாட்டில் 2012 காலத்து மின்வெட்டில் வளர்ந்த குடும்பங்கள் டல்லாஸ் புறநகரில் நிறைய. அங்கே வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, எப்போது போகும் என்று ஓரளவு தெரியும், வெளியே உயிரைப் பறிக்கும் குளிர் இல்லை. இங்கே எரிவாயு ஹீட்டர் இருந்தும் அதன் காற்றாடி ஓட மின்சாரம் வேண்டும் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. எரிவாயு அடுப்பு இருந்தவர்கள் தீக்குச்சி கிழித்து ரசம் வைத்தார்கள். மின்சார அடுப்புக்காரர்கள் அவர்கள் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். கழிவறைக்கு ஊற்றப் பனியை அள்ளி வந்து உருக்கினார்கள். போனுக்குச் சார்ஜ் போடக் காரில் உட்கார்ந்தார்கள். கராஜ் கதவை மூடிக்கொண்டு காரை ஓடவிட்டவர்களும், வீட்டுக்குள் கரி மூட்டியவர்களும் கார்பன் மோனாக்சைடு நஞ்சில் மாட்டினார்கள். சிலர் திரும்பவே இல்லை.

டெக்சாஸ் வீடுகளில் தண்ணீர்க் குழாய் பல இடங்களில் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே ஓடுகிறது. வெயிலை மனதில் வைத்துக் கட்டிய வீடு. மின்சாரம் போய் வீடு குளிர்ந்ததும் குழாய் உறைந்து வெடித்தது. வெயில் வந்து பனி உருகியபோது உட்கூரை பிய்ந்து ஹாலில் விழுந்தது.

*பெட்டிச் செய்தி: அந்த ஒரு வாரம்*
*• மின்சாரம் இழந்தவை: 45 லட்சம் வீடுகள், நிறுவனங்களுக்கு மேல்.*
*• துண்டிக்கப்பட்ட மின்சுமை: உச்சத்தில் 20,000 மெகாவாட்.*
*• மாநில சுகாதாரத் துறை உறுதிசெய்த மரணங்கள்: 246. பெரும்பாலானவை குளிரால்.*
*• மொத்தச் சந்தையில் மின்சார விலை: மெகாவாட் மணிக்கு 9,000 டாலர். அதாவது ஒரு யூனிட் 9 டாலர்.*
*• பிப்ரவரி 11, போர்ட்வொர்த்: உறைமழையில் வழுக்கி 130-க்கும் மேற்பட்ட வாகனங்கள் மோதல், 6 பேர் மரணம்.*

எனக்கு இதில் பொறுக்க முடியாதது ஒன்று. 2011 பிப்ரவரியிலும் இதே மாநிலத்தில் குளிரால் மின்வெட்டு வந்தது. நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்யுங்கள் என்று மத்திய அமைப்புகள் அப்போதே அறிக்கை கொடுத்தன. கட்டாயமாக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து 246 பேர் இறந்த பிறகு, 2021 ஜூனில்தான் கட்டாயச் சட்டம் வந்தது. அதன் பிறகு நிலைமை தேறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 கோடையில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று எர்காட் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. அந்த ஆகஸ்ட் 10 அன்று தேவை 85,508 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. சூரிய மின்சாரமும் பெரிய பேட்டரிகளும் வேகமாகச் சேர்ந்ததால் 2024 கோடையில் அப்படி ஒரு வேண்டுகோள் வைக்கத் தேவைப்படவில்லை. வசதியுள்ளவர்கள் வீட்டுக்கு ஜெனரேட்டர் வைத்துக்கொண்டார்கள். அபார்ட்மென்டின் மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு அந்த வழியும் இல்லை.

சைரன் யாருக்குக் கேட்கிறது?

வட டெக்சாஸின் பல நகரங்களில் மாதத்தின் முதல் புதன்கிழமை பகலில், டொர்னேடோ என்ற சுழற்காற்றுக்கான எச்சரிக்கை சைரனை ஊதிச் சோதிப்பார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி அன்று தனியாக வீட்டில் இருந்தால் பயந்துபோவார்கள். அதைவிடக் கவலை, நிஜமாக ஊதும்போது அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பது. போனில் வரும் அவசரச் செய்தி ஆங்கிலத்தில் இருக்கும், ஸ்பானிஷில் இருக்கும். நிலத்தடி அறை இந்த ஊர் வீடுகளில் இல்லை. கரிசலில் தோண்டிக் கட்டினால் செலவு மிகும். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறை, பெரும்பாலும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் துணி அலமாரி அறை, அதுதான் புகலிடம். அந்த அறையைப் பெரியவர்களுக்கு வந்த அன்றே காட்டிவிட வேண்டும். உள்ளே செருப்பு, டார்ச், பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட் இருக்க வேண்டும்.

டொர்னேடோ வசந்தத்தில்தான் வரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2015-ல் கார்லேண்ட், ரௌலெட் புறநகர்களைத் தாக்கிப் பத்துப் பேரைக் கொன்றது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு. நெடுஞ்சாலைச் சந்திப்பில் காரில் போய்க்கொண்டிருந்தவர்களே இறந்தவர்களில் அதிகம். 2019-ல் வட டல்லாஸைப் பிய்த்துப்போட்டது அக்டோபர் 20 ஞாயிற்றுக்கிழமை இரவு. ஊரே கௌபாய்ஸ் கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடனே ஒளிபரப்பை நிறுத்தி எச்சரிக்காததற்கு ஒரு தொலைக்காட்சி நிலையம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. அன்று ஓர் உயிரும் போகவில்லை என்பது பெரும்பேறு. 2025 ஜூலை 4 விடியலில் குவாடலூப் ஆறு பொங்கியபோது மத்திய டெக்சாஸின் கெர் கவுண்டிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அந்த வெள்ளங்களில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடை முகாமுக்கு வந்த சிறுமிகளும் அதில் உண்டு. வெள்ள சைரன் வைக்கப் பணம் வேண்டும் என்ற பேச்சு அந்தக் கவுண்டியில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ள சைரனுக்கான சட்டம் அதன் பிறகே வந்தது.

ஏரிக்குள் கட்டிய வீடுகள்

ஹூஸ்டன் புறநகரில் இதே கதை தண்ணீரால் எழுதப்பட்டது. நகரைக் காக்க 1940-களில் ராணுவப் பொறியாளர்கள் ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு வெள்ளத் தடுப்பு அணைகளைக் கட்டினார்கள். சாதாரண நாளில் அவை பூங்காவும் புல்வெளியுமாக வறண்டு கிடக்கும். தண்ணீர் நிரம்பினால் எதுவரை ஏறும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். அந்த எல்லைக்குள் இருந்த தனியார் நிலத்தில் பல்லாயிரம் வீடுகளைக் கட்டி விற்றார்கள். சில மனைகளின் வரைபட ஆவணத்தில் இங்கே தண்ணீர் தேங்கக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் கண்ணில் அது பட்டிருக்கும்?

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் நாள்கணக்கில் நகராமல் நின்று கொட்டியது. அணைக்கு மேல்புறம் கேட்டி பக்கத்து வீடுகள் நீர்த்தேக்கத்தின் தண்ணீரில் மூழ்கின. அணையைத் திறந்ததும் கீழ்ப்புறத்து வீடுகளும் மூழ்கின. மேல்புறத்தாருக்கு அரசு பொறுப்பு என்று 2019-ல் நீதிமன்றம் சொன்னது. வீடு நீர்த்தேக்க எல்லைக்குள் இருந்தால் விற்பவர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டமும் அந்த ஆண்டுதான். இன்றும் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. தனியாக எடுக்க வேண்டும், எடுத்து முப்பது நாள் கழித்தே பொதுவாக நடைமுறைக்கு வரும். புயல் வளைகுடாவுக்குள் வந்த பிறகு எடுத்துப் பயனில்லை. 2024 மே மாதம் சூறைக்காற்று, ஜூலையில் பெரில் புயல் என்று அடுத்தடுத்து அடிவாங்கிய ஹூஸ்டன் பகுதிக் குடும்பங்களுக்குத் தண்ணீரைவிடப் பெரிய துன்பம் இருட்டு. பெரிலில் 22 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போய், ஜூலை வெயிலில் ஏசி இல்லாமல் நாட்கணக்கில் கிடந்தார்கள்.

கூரை மேல் நிற்பவர்கள்

ஆலங்கட்டி விழுந்த வாரம் புறநகர்த் தெருவில் காலை ஏழு மணிக்கே சுத்தியல் சத்தம் கேட்கும். மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர்களே கூரையில் அதிகம். கோடையில் கறுப்பு ஷிங்கிள் மேல் கை வைக்க முடியாது. அவர்கள் முழங்காலிட்டு நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். கட்டுமானத் தொழிலாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று ஆஸ்டின் 2010-லும் டல்லாஸ் 2015-லும் விதி போட்டிருந்தன. அப்படிப்பட்ட உள்ளூர் விதிகளைச் செல்லாமல் ஆக்கும் சட்டத்தை மாநிலம் 2023-ல் கொண்டுவந்தது. வெயில் கடுமையாக இருந்த ஆண்டு அது. பத்து நிமிடமும் ஒரு குவளைத் தண்ணீரும் சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டிய அளவுக்கு யாருக்குப் பாரமாக இருந்தன என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வீட்டுக்காரராக நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், மதிய வெயிலில் வேலையை நிறுத்துவீர்களா என்று கேட்கலாம்.

செலவுக் கணக்கில் இன்னொரு வரியும் பாக்கி இருக்கிறது. 2021 பிப்ரவரியின் அந்த ஒரு வாரத்தில் எரிவாயு விலை கற்பனைக்கெட்டாமல் ஏறியது. விநியோக நிறுவனங்கள் வாங்கிய அந்த எரிவாயுவுக்காக மாநிலம் சுமார் 350 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. அது பல ஆண்டுத் தவணையாக வாடிக்கையாளர்களின் எரிவாயு பில்லில் சிறு கட்டணமாகச் சேர்கிறது. அந்த நிறுவனங்களின் இணைப்பு இருந்தால் போதும். போன மாதம் சென்னையிலிருந்து வந்து ஆலனில் வீடு எடுத்தவரும், அந்தக் குளிரின்போது பிறந்தேயிராத குழந்தையின் பெற்றோரும் அதைக் கட்டுகிறார்கள்.